காய்ந்த லேனுக்கு ஒரு பந்து

ஆகஸ்ட் 6, ஞாயிறு

போட்ட பந்தெல்லாம் இடது பக்கம் ஓடியது. முதல் ஆட்டம் கேவலம். இரண்டாவது அதைவிடக் கேவலம். மூன்றாவதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

பையை டொம்மென்று வீட்டுக் கூடத்தில் வைத்ததும் இவர் டிவியிலிருந்து திரும்பி, "என்ன, இன்னைக்கும் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார். பத்து வருஷமாக மாலுக்குப் போய் பௌலிங் ஆடுகிறேன். கட்டின புருஷனுக்கு இன்னும் ஒரு மண்ணும் தெரியாது. சப்பாத்தி தேய்த்துக்கொண்டே விளக்கினேன். லேன் என்பது அறுபது அடி நீளத் தரை. அதன்மேல் மெல்லிசாக எண்ணெய் பூசியிருக்க வேண்டும். பந்து அந்த எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போய், எண்ணெய் முடிகிற இடத்தில் தரையைப் பிடித்து, வளைந்து வந்து எதிர் முனையில் நிற்கிற பத்துப் பின்களைச் சாய்க்க வேண்டும். அந்த வளைவுதான் என் ஆட்டம்.

"தோசைக்கல்லுல எண்ணெய் தடவலேன்னா என்ன ஆகும்?"

"ஊத்தின இடத்துலயே ஒட்டிக்கும்."

"அதேதான் ஆகுது. போட்ட உடனே பிடிச்சுக்கிட்டு வளைஞ்சிடுது. பின் கிட்ட போறதுக்குள்ள இடது ஓரத்துக்குப் போயிடுது."

"அப்ப எண்ணெய் ஊத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! எண்ணெய் பூசுகிற மெஷின் ரிப்பேராகி மூன்று மாதம் ஆகிறது. மேனேஜர் ரூபனுக்கு அதில் துளி அக்கறை கிடையாது. ஆடித் தள்ளுபடிக்கு வருகிற கூட்டம் கலர் பந்தை இரண்டு கையாலும் உருட்டிவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறது. அவர்களுக்கு லேன் காய்ந்திருந்தால் என்ன, நனைந்திருந்தால் என்ன.

27ஆம் தேதி மாநில அணித் தேர்வு, இதே இடத்தில். பெண்களில் முதல் நாலு பேர் பெங்களூருக்கு, தேசியப் போட்டிக்குப் போவார்கள். நான் இரண்டு தடவை ஐந்தாவதாக வந்தேன். ஐந்தாவது ஆள் ரிசர்வ். தண்ணீர் பாட்டில் தூக்குவதும் கை தட்டுவதும்தான் வேலை. எலும்பு டாக்டர் இடது முட்டியைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷத்தோட போதும்மா" என்று சொல்லிவிட்டார். பந்தை விடும்போது கடைசி அடியில் சறுக்கி நிற்கிற கால் அதுதான். முதுகில் தமிழ்நாடு என்று எழுதின சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு தடவை லேனில் நின்றுவிட வேண்டும். இந்த வருஷம் இல்லையென்றால் இல்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

முட்டிக்கு ஐஸ். ஆபீஸில் மாசக் கணக்கு. வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

இன்றைக்கு ரூபனை ஒரு வழி பண்ணிவிட்டேன்.

ஆபீஸ் முடிந்து ப்ரமிளாவும் நானும் நேராக மாலுக்குப் போனோம். ப்ரமி எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸில்தான் இருக்கிறாள். வீடு பக்கத்துத் தெரு. பந்தை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அஞ்சு வருஷமாக என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருகிறாள். போன தேர்வில் எனக்கு அடுத்த இடம் அவளுக்கு.

லேனில் கையை வைத்துப் பார்த்தேன். சொரசொரவென்று தூசி. அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்தோ வந்தது கோபம். கவுண்டரில் நின்று கத்தினேன். "சினிமா தியேட்டர்ல படம் ஓடலேன்னா டிக்கெட் விப்பீங்களா? எண்ணெய் இல்லாத லேனுக்கு எதுக்குய்யா காசு வாங்கறீங்க? உங்க ஓனரைக் கூப்பிடு!" பிறந்தநாள் பார்ட்டிக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் கேக்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்தன.

ரூபன், "மேடம், குரூப்ல சொல்லுங்க, செக்ரட்டரி பாத்துப்பாரு" என்றான். எங்கள் பௌலிங் சங்கத்து வாட்ஸப் குரூப்பில் எழுதினேன். செக்ரட்டரி நரசிம்மன் சார் கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டார். இன்னொருத்தி, "ஆடத் தெரிந்தவர்களுக்கு எந்த லேனும் ஒன்றுதான்" என்று எழுதினாள். பதினோரு பேர் அதற்குச் சிரித்தார்கள். சீ போ என்று குரூப்பிலிருந்தே வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ப்ரமி, "எதுக்குக்கா வெளிய வந்தீங்க? தேர்வு பத்தி அதுலதானே போடுவாங்க" என்றாள்.

"நீ இருக்கேல்ல, நீ சொல்லு" என்றேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

லேனை மாற்ற முடியாது, பந்தை மாற்றலாம். ராத்திரியெல்லாம் யோசித்து இந்த முடிவுக்கு வந்தேன்.

புரசைவாக்கத்தில் செலஸ்டினிடம் போனேன். பந்து விற்பதும், வாங்குகிறவர் கைக்கு அளவெடுத்து அதில் துளை போடுவதும் அவர் தொழில். என் பழைய பந்தை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"இதோட மேல்தோல் நல்லா சொரசொரன்னு இருக்குது மேடம். எண்ணெய் நிறைய இருந்தா இது ராஜா. காய்ஞ்ச லேன்ல இது அடங்காது. உங்களுக்கு வழவழன்னு பாலிஷ் போட்ட பந்து வேணும். பந்துக்குள்ள வச்சிருக்கற எடைக் கட்டையும் சாதுவா இருக்கணும். தரையைச் சட்டுனு பிடிக்காது. ரொம்ப தூரம் வழுக்கிட்டுப் போயி, கடைசில கொஞ்சமா திரும்பும்."

"சுத்தமா பிளாஸ்டிக் பந்தே எடுத்துட்டா?"

"நேரா போகும். ஆனா மோதறப்ப வேகம் இருக்காது, ரெண்டு மூணு பின் நின்னுக்கும். உங்க கை சுழட்டற கை. கொஞ்சமாவது திரும்பணும்."

நீலத்தில் ஒன்றை எடுத்துக் காட்டினார். பளபளவென்று கண்ணாடி மாதிரி. என் முகம் தெரிந்தது. பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஊரிலிருந்து வந்திருக்கிற மாமியார், "ஆடியில எதுக்குப் புதுசா? ஆவணி பொறக்கட்டும்" என்றார். பந்துக்கு என்ன ஆடி ஆவணி என்று கேட்க வாய் வரை வந்தது. இந்த ஒரு விஷயத்தில் எந்தக் குறையும் இருக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆவணி ஒன்று.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

லீவு நாள். மாலில் கொடி, பலூன், கூட்டம். ஒரு லேன் கிடைக்க ஒரு மணி நேரம்.

பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாம் காபி குடிக்கும்போது, நாலாவது இடம் யாருக்கு என்று பேச்சு வந்தது. ஒருத்தர், "ப்ரமிளாவும் இப்ப நல்லா ஆடுது" என்றார். "ப்ரமி வந்தா டீமுக்கு நல்லதுதான், எல்லார் துணியும் மடிச்சு வைப்பா, மாத்திரை எடுத்துக் குடுப்பா, ஒரு ஆயா கிடைச்ச மாதிரி" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே இதுதான், எதையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டாள்.

போகும்போது தலைவலி என்று சொல்லி ஆட்டோவில் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஆவணி ஒன்று. அரை நாள் லீவு போட்டுவிட்டு செலஸ்டின் கடை. காலையில் கட்டைவிரல் வீங்கியிருக்கும், மத்தியானம் அளவெடுப்பதுதான் சரி என்று சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொல்லியிருந்தார். விரல்களை விரித்து அளந்து, துளை போட்டு, உள்விளிம்பைத் தேய்த்து, என் விரலை விட்டுப் பார்த்து, மறுபடி தேய்த்து, நாலு மணி ஆகிவிட்டது. விரல் உள்ளே போனதும் கை சொன்னது, இது உன்னுடையது என்று.

பழைய பந்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். செலஸ்டின் தயங்கினார். "அதையும் கையில வச்சுக்குங்க மேடம். எண்ணெய் போட்டுட்டாங்கன்னா இந்த நீலம் எதுக்கும் ஆகாது. வழுக்கிக்கிட்டே போயிடும்."

"அந்த ரூபனாவது எண்ணெய் போடறதாவது! பழசு வீட்ல கிடந்தா என் கை அதைத்தான் தேடும். எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஸ்ட்ரைக்! ஸ்ட்ரைக்! மறுபடி ஸ்ட்ரைக்! ஒரே பந்தில் பத்துப் பின்னும் காலி!

என்ன பந்து இது, தங்கம். காய்ந்து கிடக்கிற லேனில் மற்றவர்கள் பந்தெல்லாம் போதை ஏறினவன் மாதிரி இடது பக்கம் சாய, என்னுடையது மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டுப் போய்த் திரும்பியது. குரூப்பில் சிரித்த பதினோரு பேரில் ஏழு பேர் இன்றைக்கு அங்கே இருந்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

ப்ரமி அங்கே எல்லோருக்கும் கொடுக்கிற பொதுப் பந்தை வைத்துத் தடுமாறிக்கொண்டிருந்தாள். "உனக்கும் ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல?" என்றேன். "எனக்கு எதுக்குக்கா, பாத்துக்கலாம்" என்றாள். இப்படிப் பாத்துக்கலாம் பாத்துக்கலாம் என்றே இருந்தால் எப்படி உருப்படுவாள்?

ராத்திரி இவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 24, வியாழன்

அடப்பாவிகளா, தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் பௌலிங் கூடத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்! கதவில் ‘பராமரிப்புப் பணி’ என்று ஓர் அட்டை. பராமரிப்பாம், பெரிய பராமரிப்பு! எவனோ கம்பெனிக்காரன் பார்ட்டிக்கு மொத்தமாக எடுத்திருப்பான். உள்ளே ஏதோ மெஷின் சத்தம் வேறு, கண்டிப்பாக டிஜே செட் போடுகிறார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். முட்டி விண் விண் என்று தெறிக்கிறது.

சாயங்காலம் ப்ரமி போன் பண்ணினாள். "அக்கா, லேன் விஷயமா ஒண்ணு..." என்று இழுத்தாள். நான் இருந்த எரிச்சலில், "லேனைப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்காதடி. முதல்ல உன் பந்தைப் பாரு" என்று வைத்துவிட்டேன். நேரம் காலம் தெரியாமல் கூப்பிடுவாள்.

ஆகஸ்ட் 26, சனி

ப்ரமி டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நான் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா, நாளைக்கு..." என்று ஆரம்பித்தாள். "ஆறரைக்கு வாசல்ல நில்லு. லேட் பண்ணா விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்" என்றேன். சரி என்று போய்விட்டாள்.

சீக்கிரம் படுக்கப் போகிறேன். நாளை இந்நேரம் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

முடிந்தது.

எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலையில் ப்ரமி வாசலில் நின்றாள். தோளில் அவளுடைய பழைய சிவப்புப் பை. அதில் அவளிடம் இருக்கிற ஒரே சொந்தப் பந்து, நன்றாக வளைகிற பந்து. மூன்று மாதமாக அவள் அதைத் தொடவே இல்லை. "இந்தக் காஞ்ச லேனுக்கு அதையா எடுத்துட்டு வரே? புத்தி இருக்கா?" என்றேன். "சும்மா இருக்கட்டும்க்கா" என்றாள். வழி முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். பெங்களூரில் குளிராக இருக்குமா, ஸ்வெட்டர் எடுக்க வேண்டுமா என்றெல்லாம். பின்னால் இருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பயம் போலிருக்கிறது என்று நினைத்து, "பயப்படாதடி, ரிசர்வாவது கிடைக்கும்" என்று வேறு சொன்னேன்.

உள்ளே போனதும் வாசனை. அந்த எண்ணெய் வாசனை எனக்குத் தெரியாதா? லேன் முழுக்க மினுமினுவென்று இருந்தது. முதல் பயிற்சிப் பந்தைப் போட்டேன். நேராகப் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. கடைசி வரை திரும்பவில்லை. வலது ஓரத்தில் ரெண்டு பின்னைத் தட்டிவிட்டு லேன் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தது.

ரூபன் பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தான். "எப்படி மேடம் இருக்குது? எல்லாம் உங்களாலதான். அன்னைக்கு நீங்க போட்ட சத்தத்துல ஓனருக்கு போன் போயி, புது பார்ட் வரவழைச்சு மெஷினை ரெடி பண்ணிட்டாங்க. மூணு நாள் கடையைச் சாத்திட்டு அத்தனை லேனும் கழுவி எண்ணெய் போட்டோம். குரூப்ல வியாழக்கிழமையே போட்டனே, பாக்கலயா?"

அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

ஆறு ஆட்டம். என்னென்னவோ செய்து பார்த்தேன். தள்ளி நின்றேன், மெதுவாகப் போட்டேன், மணிக்கட்டு கழன்றுவிடும் போலச் சுழற்றினேன். நீலம் வழுக்கிக்கொண்டே போயிற்று. ஒரு பக்கத்துப் பின்கள் நின்றுகொண்டே இருந்தன. பக்கத்து லேனில் ப்ரமியின் பந்து அழகாக வளைந்து வளைந்து வந்தது. நான் சொல்லிக் கொடுத்த வளைவு.

மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் வந்து பக்கத்தில் நின்றாள். "அக்கா, என் பந்தைப் போட்டுப் பாக்கறீங்களா?" என்றாள். வெட்கத்தை விட்டு வாங்கினேன். அவள் விரல் குச்சி விரல், அந்த அளவுக்குப் போட்ட துளை. என் கட்டைவிரல் கணு வரைகூடப் போகவில்லை. நான் திணிக்க, எல்லோரும் பார்க்க, அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பந்தை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

நான் ஆறாவது. ரிசர்வுக்குக்கூட இல்லை. ப்ரமி நாலாவது.

நரசிம்மன் சார் பெயர் வாசித்ததும் அவள் அழுதாள். எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் எப்படி வீட்டுக்குப் போனாளோ, எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 28, திங்கள்

ஆபீஸ் போகவில்லை. முட்டி வலி என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 30, புதன்

இவரிடம், "என் கூடவே வண்டியில வந்தா, ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க, நன்றி கெட்டவ" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவர் நேற்று, "வியாழக்கிழமை அந்தப் பொண்ணுகிட்ட போன்ல கத்தினியே, அது எதுக்கு?" என்றார். அது வேறு விஷயம் என்றேன். டிவியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

இன்றைக்குச் சாயங்காலம் ப்ரமியே வந்தாள். மாமியார் காபி கொடுத்தார். குடிக்கவில்லை.

"ஏன்டி சொல்லலை?" என்று கேட்டேன். உட்காரச் சொல்லவில்லை.

"போன்ல சொல்ல வந்தேன். நீங்க வச்சிட்டீங்க. சனிக்கிழமை நேர்ல வந்தேன். அன்னைக்கும் நீங்க கேக்கல."

"ஞாயித்துக்கிழமை? முக்கால் மணி நேரம் என் பின்னாடி உக்காந்துட்டு வந்தியே, அப்ப உன் வாய்க்கு என்ன?"

மழுப்புவாள் என்று நினைத்தேன்.

"அப்ப வேணும்னுதான் சொல்லல. சொல்லியிருந்தாலும் பழைய பந்து உங்ககிட்ட இல்ல, அதனால என்ன பிரயோஜனம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பொய்தான். சொல்லியிருந்தா செலஸ்டின் அண்ணனுக்கு போன் போட்டு எப்படியாவது வாங்கியிருப்பீங்க. எனக்கு இடம் கிடைச்சிருக்காது." அதோடு நிறுத்தவில்லை. "ஆயாவும் ஒரு தடவை ஆடிட்டுப் போகட்டுமேன்னு தோணிச்சுக்கா."

விளையாட்டுக்குச் சொன்னதை இவ்வளவு நாள் வைத்திருக்கிறாள்! எல்லோரும்தானே சிரித்தார்கள். அவளும்தானே சிரித்தாள். "வெளிய போடி" என்றேன். போனாள். அந்தக் காபியை மாமியார் எடுத்துக் குடித்தார், வீணாக்க மாட்டார்.

செப்டம்பர் 1, வெள்ளி

ஆபீஸில் அவள் என் மேஜையைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும். சுற்றிக்கொண்டு போகிறாள்.

செப்டம்பர் 3, ஞாயிறு

பத்து வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலுக்குப் போகாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. பரண் சுத்தம் பண்ணினேன். இவர், "செலஸ்டின்கிட்ட கேட்டு அந்தப் பழைய பந்தைத் திருப்பி வாங்கிடலாமே" என்றார். அது வேறு யார் கைக்கோ துளை போட்டுப் போய்விட்டதாம். போன் பண்ணிக் கேட்டுவிட்டேன், அதை இவரிடம் சொல்லவில்லை.

குரூப்பில் மறுபடி சேர்த்துவிடச் சொல்லி நரசிம்மன் சாரிடம் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எதற்கு? பெங்களூர் போகிறவர்களுக்கு வாழ்த்துச் சொல்லவா?

செப்டம்பர் 9, சனி

இன்றைக்குக் காலை அவர்கள் ரயில். ஏழே கால் இருக்கும், இட்லி எடுத்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. ப்ரமி. பின்னால் ஸ்டேஷன் சத்தம் கேட்கும், ‘போயிட்டு வரேன்க்கா’ என்பாள், புதுச் சட்டை போட்டிருப்பாள். எல்லாம் தெரிந்தது.

போன் மேடைமேல் கிடந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. மாமியார், "யாருடி, எடேன்" என்றார். நின்றது. மறுபடி அடித்தது. இவரும் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

நான் எடுக்கவில்லை. கோபத்தில் இல்லை. எடுத்திருந்தால், அங்கே லேன் எப்படி இருக்கிறது என்று முதல் நாளே கையை வைத்துப் பார், காய்ந்திருந்தால் என் நீலப் பந்துக்கு உன் விரலுக்குத் துளை போட்டு அனுப்புகிறேன், நல்லா ஆடுடி என்று சொல்லியிருப்பேன். நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். அதனால்தான் எடுக்கவில்லை.